இல்லறச் சோலை: அத்தாவின் அலமாரியில் ஒரு தாஜ்மகால்

 

இல்லங்களில் எழுகின்ற சிறு பிணக்குகளைப் பற்றி இப்பகுதியில் திங்கள்தோறும் பேசி வருகிறோம். இம்முறை எடுத்துக்கொண்டுள்ள பொருளைக் கேட்டதும் சிலர் புன்னகைக்கக்கூடும். நாற்பது வயதைக் கடந்த ஆண்மகன் விளையாட்டுக் கட்டைகளை விலை கொடுத்து வாங்கி அடுக்குவதைப் பற்றியது அது. புன்னகைத்துவிட்டுக் கடந்துபோகத் தக்கதன்று. இதில் இல்லத்தின் பணமும் இல்லத்தின் மனமும் அடங்கியிருக்கின்றன.

பொன்மலையில் ஓர் இல்லத்தைக் கற்பனை செய்துகொள்வோம். குடும்பத் தலைவர் நல்ல ஊதியம் பெறுபவர், தொழுகையாளி, தீய பழக்கம் எதுவும் இல்லாதவர். மாதம் ஒருமுறையோ இருமுறையோ கூரியரில் அவருக்கு ஒரு பெட்டி வருகிறது. உள்ளே இருப்பவை லெகோ எனப்படும் வண்ணப் பிளாஸ்டிக் கட்டைகள். இரயில், கோட்டை, விண்கலம், புகழ்பெற்ற கட்டடங்கள் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பொருள் உண்டு. சிலவற்றை அவர் பிரித்துக் கட்டிக் கண்ணாடி அலமாரியில் வைக்கிறார். சிலவற்றைப் பிரிக்காமலேயே பீரோவின் மேல் அடுக்குகிறார். ஏழு வயது மகன் அலமாரியின் முன் நின்று பார்க்கிறான். "தொடாதே!" என்பதுதான் அவன் அத்தாவிடமிருந்து கேட்கும் சொல். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு நாள் நெருங்கும் வேளையில் பெட்டி ஒன்றின் விலைச்சீட்டு மனைவியின் கண்ணில் படுகிறது. அதன் பின் அவ்வில்லத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

அவரைப் பழிப்பது எளிது. ஆயினும் பழிக்குமுன் அவரை ஈர்த்தது எது என்று அறிந்துகொள்வது நீதியாகும்.

தச்சர் ஒருவரின் பட்டறையிலிருந்து

டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் 1932-ஆம் ஆண்டு மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். உலகெங்கும் வணிகம் நலிந்து, வீடு கட்டுவோர் இல்லாமற் போன காலம் அது. 1934-இல் தம் தொழிலுக்கு லெகோ எனப் பெயரிட்டார். நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரு டேனியச் சொற்களின் சுருக்கம் அது. 1942-இல் அவருடைய தொழிற்சாலை தீக்கிரையானது, மீண்டும் கட்டினார். 1949-இல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகளைச் செய்தார். அவை எளிதில் கழன்று விழுந்தன. மேற்புறக் குமிழ்களைப் பற்றிக்கொள்ளும் குழாய்களைக் கட்டையின் அடிப்புறத்தில் அமைக்கும் முறையைக் கண்டு, அவருடைய மகன் கோட்ஃபிரெட் 1958 ஜனவரி 28-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே ஆண்டில் தந்தை காலமானார்.

அக்குமிழும் குழாயுமே இத்தொழிலின் உயிர்நிலை. 1958-ஆம் ஆண்டின் கட்டையின்மீது இவ்வாண்டின் கட்டை அப்படியே பொருந்தும். அச்சின் அளவு ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்குகூடப் பிசகாதபடி காக்கப்படுவதே காரணம். எட்டுக் குமிழ் கொண்ட, ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 வகைகளில் இணைக்கலாம் என்று கணித அறிஞர் கணக்கிட்டுள்ளனர். ஆறே கட்டைகளில் தொண்ணூற்றொரு கோடிக்கும் மேற்பட்ட வடிவங்கள்! கல்வியாளர்கள் இதனை வெறும் பொம்மையென்று ஒதுக்காமைக்குக் காரணம் புரிகிறதல்லவா?

1966-இல் இரயில் பெட்டிகளும், 1978-இல் கோட்டையும் விண்வெளியும் வந்தன. அவற்றோடு விளையாடிய சிறுவர்கள் வளர்ந்து, ஊதியம் பெறலாயினர். 2003, 2004-ஆம் ஆண்டுகளில் அந்நிறுவனம் பெரும் நட்டத்தில் தத்தளித்து மீண்டபின், வளர்ந்தவர்களும் தன் வாடிக்கையாளர்களே என்பதை நன்கு உணர்ந்துகொண்டது. 2008-இல் வெளிவந்த தாஜ்மகால் பெட்டியில் 5,922 கட்டைகள் இருந்தன. அதுவரை வந்தவற்றுள் அதுவே மிகப் பெரியது. 2017-இல் அதனை மீண்டும் வெளியிட்டார்கள். 2020 முதல் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு என்று பெட்டியின்மீதே அச்சிடலானார்கள். ஆக, வளர்ந்தவர் தற்செயலாக இவ்வலையில் விழவில்லை. வலையே அவருக்கென்று பின்னப்பட்டது.

பொன்மலைக்கு இது புதிதன்று

பிரித்தலும் பொருத்தலும் பொன்மலையின் குலத்தொழில் என்றே சொல்லலாம். நாகூருக்கு அருகில் நாகப்பட்டினத்தில் இயங்கிய தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை 1928-ஆம் ஆண்டளவில் இங்கே இடம்பெயர்ந்தது. அதனோடு தொழிலாளர் குடும்பங்களும் வந்தன. ஊரே அப்பணிமனையைச் சுற்றி வளர்ந்தது. நீலகிரி மலை இரயிலுக்கான நீராவி எஞ்சின்கள் முற்காலத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. அவை மூப்படைந்தபோது, பொன்மலைத் தொழிலாளர்கள் எண்ணெயால் இயங்கும் புதிய நீராவி எஞ்சின்களைத் தாங்களே உருவாக்கி 2011 முதல் மலைக்கு அனுப்பினார்கள். 2021-இல் நிலக்கரியால் இயங்கும் எஞ்சின் ஒன்றும் இங்கிருந்து புறப்பட்டது. உலகமே நீராவியை மறந்துவிட்ட காலத்தில், பல்சக்கரம் பற்றி மலையேறும் எஞ்சினைத் துண்டு துண்டாகச் செய்து பொருத்தி ஓடவிட்ட கைகள் இவ்வூர்க் கைகள்.

அத்தகைய ஊரில் பிறந்து, சங்கொலி கேட்டு வளர்ந்தவர், ஆயிரம் துண்டுகளைப் பொருத்தி மேசைமேல் ஓர் எஞ்சினை நிறுத்தும்போது மகிழ்கிறார் என்றால் அதில் வியப்பென்ன? இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி என்பவர் 1901-இல் துளையிட்ட உலோகப் பட்டைகளும் திருகாணிகளும் கொண்ட மெக்கானோவை உருவாக்கியபோதும், தந்தையும் மகனும் சேர்ந்து அமர்ந்தே அதனைக் கட்டினார்கள். காவிரிக்கு அப்பால் திருவரங்கத்தில் நம் இந்துச் சகோதரர்கள் நவராத்திரிக்குக் கொலு வைக்கிறார்கள். அது அவர்களின் வழிபாட்டைச் சேர்ந்தது. எனினும் தலைமுறை தலைமுறையாகப் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பேணி, ஆண்டுக்கொருமுறை எடுத்து அடுக்குபவர்கள் அங்கே வளர்ந்தவர்கள்தாம். பொருள்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்திப் பார்க்கும் விருப்பம் மனித இயல்பில் உள்ளது. இயல்பை மார்க்கம் அழிப்பதில்லை. அதற்கு வரம்பு கட்டுகிறது.

மார்க்கத்தின் வரம்பு

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் விளையாட்டுப் பொம்மைகள் இருந்தன. அவற்றுள் துணியாலான இரு சிறகுகள் கொண்ட குதிரை ஒன்றும் இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபி பெருமானார் (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். ஹதீஸ் நூல்களில் இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி இது. இல்லத்தினுள் விளையாட்டுக்கும் கற்பனைக்கும் சிரிப்புக்கும் இடமுண்டு என்பதற்கு இதனினும் இனிய சான்று வேண்டுமா?

மற்றொரு தோழர் ஹன்ளலா (ரலி) அவர்கள். பெருமானாரின் அவையில் இருக்கும்போதுள்ள இறையச்சம், வீட்டிற்குச் சென்று மனைவி மக்களோடு கலந்ததும் குறைந்துவிடுகிறதே என்று கலங்கினார்கள். இதற்கொரு நேரம், அதற்கொரு நேரம் என்னும் கருத்துப்பட அண்ணலார் (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறினார்கள். எனவே ஓய்வு நேரத்தில் உள்ளம் இளைப்பாறுவது குற்றமன்று.

உருவங்களைப் பற்றிச் சிலர் ஐயம் எழுப்பலாம். சிறுவர் விளையாடும் பொம்மைகளுக்கு அறிஞர் பெருமக்களுள் பெரும்பாலோர் விலக்கு அளித்துள்ளார்கள். ஆனால் வளர்ந்தவர் அலங்காரத்திற்காக மனித, விலங்கு உருவங்களை அலமாரியில் நிறுத்துவது வேறு. உருவம் செய்வதைத் தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் செய்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவுரை கூறியிருக்கிறார்கள். இரயிலும் பாலமும் கட்டடமும் அவ்வகையில் தடையற்றவை. கூடவே வரும் சிறு மனித உருவங்களைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டால் பேணுதலும் ஆயிற்று, பிள்ளைகளும் மகிழ்வார்கள். ஐயம் தீராதோர் தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிக.

இனிப் பணம். பெரிய பெட்டி ஒன்றின் விலை ஒரு தொழிலாளியின் மாத ஊதியத்தையே விஞ்சிவிடும். இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்கவரி நம் நாட்டில் 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தபோது இச்சுமை இன்னும் கூடிற்று. வீண்விரயம் செய்வோரைத் திருமறை கண்டிக்கும் கடுமையை நாம் அறிவோம். அப்படியானால் எது வீண்விரயம்? விலை மிகுந்தது எல்லாம் விரயமாகாது. விலை குறைந்ததெல்லாம் சிக்கனமும் ஆகாது. நான்கு கேள்விகளைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டால் விடை கிடைக்கும்.

ஒன்று: மனைவி மக்களின் உணவு, உடை, கல்வி, மருத்துவம் ஆகிய கடமைச் செலவுகள் முடிந்தபின் எஞ்சிய பணமா இது? இரண்டு: கடன் அட்டையில் வாங்கி, தவணை தவறி, வட்டியின் வாயில் தலையைக் கொடுக்கிறோமா? மூன்று: வாங்கியதை மனைவியிடம் மறைக்க நேர்கிறதா? மறைக்கத் தோன்றும் செலவைப் பற்றி உள்ளமே தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று கொள்க. நான்கு: பாங்கொலி கேட்டதும் கட்டையைக் கீழே வைக்கக் கை இசைகிறதா?

நான்கிற்கும் நல்ல விடை வருமாயின், அவர் தம் ஹலாலான சம்பாத்தியத்தில் தமக்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார். அதில் அயலார் குறை காண இடமில்லை. மனைவி தன் சொந்தப் பணத்தில் இத்தகைய ஒன்றைச் சேர்ப்பதாயினும் இதுவே நியாயம்.

பிரிக்காத பெட்டிகள்

பீரோவின் மேல் அடுக்கிய பெட்டிகளைப் பற்றிக் கேட்டால் நம் நண்பர், "இது செலவில்லை, சேமிப்பு" என்பார். அவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. தயாரிப்பு நிறுத்தப்பட்ட பெட்டிகளின் விலை ஏறுவது வழக்கம். 1987 முதல் 2015 வரையிலான பெட்டிகளின் மறுவிற்பனை விலைகளை ஆராய்ந்த இரஷ்ய நாட்டுப் பொருளியல் ஆய்வாளர்கள், ஆண்டுக்குச் சராசரியாக 11 விழுக்காடேனும் பயன் கிடைத்துள்ளதாக 2022-இல் வெளியான கட்டுரையில் தெரிவித்தார்கள். ஆனால் சராசரி என்பது ஏறியவற்றையும் இறங்கியவற்றையும் கூட்டிக் கண்ட கணக்கு. பழைய பெட்டிக்கு நல்ல விலை கிடைத்துவந்த நிலையில் அதே பொருள் மீண்டும் வெளியிடப்பட்டால் என்ன ஆகும்? தாஜ்மகாலின் கதை அதுதான். மேலும் திருச்சியின் வெயிலில், ஈரத்தில், கரையானிடையே அட்டைப்பெட்டி பல்லாண்டு பழுதின்றி இருக்க வேண்டும். வாங்குவோர் ஊரில் இருக்க வேண்டும். இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்? நகையைப் போல் ஆபத்துக்கு அரை மணியில் பணமாக மாறுகின்ற பொருளன்று இது.

இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். விற்று இலாபம் பார்க்கும் எண்ணத்தோடு வாங்கிய பெட்டி, வணிகச் சரக்கு. சரக்கு என்றால் அதற்கு ஜகாத் உண்டு. அதன் அன்றைய சந்தை மதிப்பை ஏனைய வணிகப் பொருள், ரொக்கம் ஆகியவற்றோடு சேர்த்துக் கணக்கிட்டு, நிஸாபை எட்டி ஓர் ஆண்டு நிறைவுற்றால், நூற்றுக்கு இரண்டரை வீதம் கொடுத்தாக வேண்டும். கட்டி மகிழ்வதற்காக வாங்கியதற்கு ஜகாத் இல்லை. அது வீட்டுச் சாமானைப் போன்றது. வாங்கும் வேளையில் நிய்யத் என்ன என்பதே பிரிக்கும் கோடு. மனைவியிடம் சேமிப்பு என்றும், ஜகாத் கணக்கின்போது விளையாட்டுச் சாமான் என்றும் ஒரே பெட்டிக்கு இரண்டு பெயர் சூட்ட இயலாது. ரமளானில் கணக்குப் பார்க்கும் சகோதரர்கள் பீரோவின் மேலும் ஒரு பார்வை செலுத்துவார்களாக.

தொடக்கூடாத பொம்மை

பணக்கணக்கை நேர் செய்துவிடலாம். அலமாரியின் முன் நிற்கும் ஏழு வயதுப் பாலகனின் கணக்கே நம்மை மிகவும் உறுத்துகிறது. விளையாட்டுப் பொருள் வீடு நிறைய இருக்கிறது. அவனுக்கு விளையாட ஒன்றும் இல்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகையில் ஸஜ்தாவில் இருக்கும்போது பேரர் முதுகின்மீது ஏறிக்கொள்ள, அக்குழந்தையின் ஆசை தீரட்டும் என்று ஸஜ்தாவை நீட்டினார்கள். தொழுகையிலேயே குழந்தைக்கு அத்துணை இடம் கொடுத்தார்கள். நாமோ பிளாஸ்டிக் கட்டைக்காகக் குழந்தையின் கையைத் தட்டிவிடுகிறோம்.

அந்த இல்லத்தின் பிணக்கு எப்படித் தீரும்? தூக்கி எறியச் சொல்லும் மனைவியும், வாய் திறவாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கணவரும் தீர்வு காண மாட்டார்கள். இஷாவுக்குப் பின் இருவரும் அமர்ந்து பேச வேண்டும்.

"ஏங்க, உங்க ஆசையை நான் குறை சொல்லல. புள்ளையோட ஃபீஸ் கட்டுற நேரத்துல எனக்குத் தெரியாம இவ்வளவு பணமான்னுதான் மனசு வலிக்குது" என்று அவர் சொல்லலாம்.

"சொன்னா நீ சிரிப்பேன்னு நெனச்சேன். அதான் சொல்லல" என்று இவர் உண்மையை ஒப்புக்கொள்ளலாம்.

பெரும்பாலான மறைப்புகளின் அடியில் இருப்பது வஞ்சகமன்று, இத்தகைய வெட்கமே. ஏளனம் செய்யாத மனைவியிடம் கணவர் மறைக்க மாட்டார். மறைக்காத கணவரிடம் மனைவி கணக்குக் கேட்க வேண்டிய தேவையும் நேராது.

பேசியபின் செய்ய வேண்டுவன சில. மேலே உள்ள பிரிக்காத பெட்டிகளுள் நல்ல விலை போகக்கூடியவற்றை விற்றுக் கட்டணத்தைச் செலுத்துக. இனி வாங்குவதற்கு மாதத்தொகை ஒன்றை இருவரும் பேசி வரையறுத்து, ஒரு மாதம் வாங்காவிட்டால் அதனை அடுத்த மாதத்திற்குச் சேர்த்துக்கொள்க. ஒன்றைப் பிரித்துக் கட்டி முடிக்கும்வரை மற்றொன்றை வாங்குவதில்லை என்று உறுதி கொள்க. பிள்ளைகளுக்கென ஒரு கூடை நிறையக் கலப்புக் கட்டைகளை ஒதுக்குக. அது உடையலாம், தொலையலாம், யாரும் கடிந்துகொள்ளலாகாது. மூல நிறுவனத்தின் கட்டைதான் வேண்டும் என்பதில்லை. பழைய காப்புரிமை காலாவதியாகிப் பல்லாண்டுகள் ஆகின்றன. கட்டையின் வடிவத்தை வணிக முத்திரையாகப் பதிவு செய்ய இயலாது என்று ஐரோப்பிய நீதிமன்றமும் 2010-இல் தீர்ப்பளித்தது. எனவே வேறு நிறுவனங்கள் தம் பெயரிலேயே செய்து விற்கும் பொருந்துகட்டைகளை வாங்குவதில் தவறில்லை. பிறர் பெயரைப் பொய்யாக அச்சிட்டு விற்கப்படும் போலிகளைத் தவிர்க்க வேண்டும். அது மோசடிக்குத் துணைபோவதாகும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டில் சிறு துண்டுகளைத் தரையில் விடலாகாது. தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

சேர்த்தவற்றைக் காக்கவும் ஒரு முறை உண்டு. வெயில் நேரே படும் சன்னலோரம் வேண்டாம்; வெண்ணிறக் கட்டைகள் மஞ்சளாகிவிடும். தூசு படிந்தால் வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பிட்டுக் கழுவி நிழலில் உலர்த்துக. கொதிநீர் வடிவத்தைக் கெடுக்கும். தரம் பிரிக்கும்போது நிறத்தால் பிரிக்காமல் வடிவத்தால் பிரிப்பது நலம். ஒரே நிறக் குவியலில் ஒரு சிறு துண்டைத் தேடுவது கடினம். ஒரே வடிவக் குவியலில் வேண்டிய நிறம் கண்ணுக்கு உடனே தென்படும். இவ்வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். எண்ணவும் வகைப்படுத்தவும் பொறுமை காக்கவும் அவர்கள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, அலமாரியின் கதவைத் திறந்துவிடுங்கள். ஆறாயிரம் துண்டுகள் கொண்ட தாஜ்மகாலை ஒருவர் தனியே கட்டி முடித்தால் அலமாரிக்கு ஓர் அலங்காரம் சேரும். அத்தா குறிப்பேட்டைப் படிக்க, மகள் துண்டுகளைத் தேடித்தர, மகன் அழுத்திப் பொருத்த, அம்மா பிழையைச் சுட்டிக்காட்டக் கட்டினால், ஒரு கோடை விடுமுறை முழுவதும் அவ்வில்லத்தில் கைப்பேசி ஓய்ந்திருக்கும். விடுமுறையில் ஒருநாள் திருச்சியிலுள்ள இரயில்வே அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்று, உண்மையான எஞ்சினின் சக்கரத்தையும் தண்டையும் காட்டுங்கள். மேசைமேல் கட்டியது எதனுடைய நிழல் என்பது பிள்ளைக்குப் புரியும். அவ்வெஞ்சின்களைப் பொருத்திய தொழிலாளர்களின் வியர்வையும் புரியும்.

அடுக்கியது சரியலாம், துண்டு தொலையலாம், விலை இறங்கலாம். அத்தாவோடு தரையில் அமர்ந்து கட்டிய மாலைப்பொழுது பிள்ளையின் நெஞ்சில் என்றும் சரியாது. அதற்காகச் செலவிட்ட பணம் விரயக் கணக்கில் சேராது என்று நம்புவோம்.

நம் செல்வத்தில் பரக்கத்தையும், நம் செலவில் நிதானத்தையும், நம் இல்லங்களில் ஒருவர்மீது ஒருவர் மறைவற்ற நேசத்தையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த திங்கள் சந்திப்போம். வஸ்ஸலாம்.